பெண்டாட்டிக்குக் காற்று விற்றவன்

எங்கள் தீவில் காற்று இல்லை என்று எவனாவது வாயால் சொன்னால் அந்த வாயிலேயே நாலு போடுவோம். அதையே அரசாங்க முத்திரை குத்தி எழுத்தில் கொடுத்தால் என்ன செய்வது? வாங்கிப் படித்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான். என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் யெரோலிம் மூன்று முறை போட்டான்.

நான் பேப்போ. பாக் தீவில், மலையைப் பார்த்த கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஆட்டுக்கறி, சீஸ், வீட்டில் பிழிந்த ஒயின். வாடிக்கையாளரிடம் பொய் சொல்கிற ஆள்தான், மறைப்பானேன். ஆனால் இந்த விஷயத்தில் உண்மையைச் சொன்னால்தான் எனக்குக் கேவலம். ஆகையால் நம்பலாம்.

எங்கள் கரையில் குளிர்காலத்தில் ஆள் இருப்பது மூன்று வீட்டில். ஒன்று என்னுடையது. இன்னொன்று யெரோலிம் வீடு. மூன்றாவது வீட்டுக் கிழவனுக்குக் காது கேட்காது, அவனிடம் இருப்பது ஒரு கழுதை. மலையிலிருந்து புரா என்ற வடகிழக்குக் காற்று இறங்கினால் கடலை அள்ளி எங்கள் தலையில் கொட்டும். உப்பு மின்கம்பியில் பொருக்குப் பிடிக்கும், பொறி பறக்கும், கரண்ட் போய்விடும். பெருங்கரை என்று நாங்கள் சொல்லும் எதிர்க்கரைக்குப் போகும் பாலத்தைப் போலீஸ் மூடிவிடும். இரண்டு நாளோ மூன்று நாளோ, உலகத்தைப் பொறுத்தவரை நாங்கள் செத்தவர்கள். யாரும் அலட்டிக்கொள்வதில்லை. விறகு இருக்கும், மெழுகுவர்த்தி இருக்கும், சீட்டுக்கட்டு இருக்கும்.

யெரோலிமின் மனைவி பெரீனாவுக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகு அப்படி இருக்க முடியவில்லை. மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அது கரண்டில் ஓடி, அறையில் இருக்கிற காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து அவளுக்குக் கொடுக்கும். கரண்ட் நின்றால் பெட்டிக்குள் இருக்கிற பாட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். அப்புறம் ஆஸ்பத்திரி கொடுத்த ஒரே ஒரு சிலிண்டர், ஆறு மணி நேரம். அதற்கு அப்புறம் ஒன்றும் கிடையாது. அவள் நாக்கு மட்டும் எந்தக் கரண்டும் இல்லாமல் ஓடியது. "முப்பத்தெட்டு வருஷமா என் உயிரை வாங்கினான். இப்ப மூச்சையும் அவன்கிட்டதான் வாங்கணும்னு எழுதியிருக்கு" என்பாள், அவன் காதுபடவே.

யெரோலிம் இருபத்திரண்டு வருஷம் கப்பலில் இயந்திர அறையில் இருந்தவன். பேச்சு வராது, கை பேசும். காரை விற்றான். ஆட்டுத்தொழுவத்துக் கூரைக்கு மேல் ஒரு கம்பம் நட்டான். பழைய லாரியின் டைனமோ, தானே செதுக்கிய மூன்று இறக்கைகள், கீழே ஆறு பாட்டரி. எந்தக் காற்று கரண்டைப் பிடுங்குகிறதோ அந்தக் காற்றிடமே கரண்டைத் திருப்பி வாங்கும் ஏற்பாடு. அது போதாதென்று ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் கொல்லையில் வைத்தான். முதல் புரா இரண்டரை நாள் அடித்தது. தீவே இருட்டு. பெரீனாவின் ஜன்னலில் மட்டும் வெளிச்சம். உள்ளே அவள் குழாயோடு உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் அவன் பாட்டரியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து என் குளிர்பெட்டியை ஓட்டிக்கொண்டேன். பதினான்கு ஆடு தொங்கிக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. நன்றிக்காக ஒரு பெரிய ஜாடி ஒயின் கொடுத்தேன். அது நான் செய்த முதல் தப்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராதது இரண்டாவது.

ஏப்ரல் மாதம் மூன்று பேர் கடைக்குச் சாப்பிட வந்தார்கள். உள்ளூர்ச் சிறுகாற்றுச் சந்தை ஆணையம். ஊரிலேயே காற்றில் கரண்ட் எடுத்து, ஊரிலேயே விற்று, ஊரிலேயே செலவழிப்பதை ஒழுங்குபடுத்துவதற்காக அரசாங்கம் ஏற்படுத்தியது. பெருங்கரை நகரத்தில் கண்ணாடிக் கட்டடம், முப்பத்தொரு ஊழியர்கள், நாலு வருஷ அனுபவம். விதிமுறை நாலு பாகம் அச்சாகியிருந்தது. விலைக் குழு இருந்தது, புகார்க் குழு இருந்தது, புகார்க் குழுவின் மேல் வரும் புகாரை விசாரிக்க ஒரு குழு இருந்தது. காற்றாலை வைத்திருக்கிற ஆள் ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருப்பதாக இயக்குநர் விளாஹோ என்னிடம் மனம் விட்டுச் சொன்னார். நல்ல உயரம், வெள்ளித் தலைமுடி, துப்ரோவ்னிக் நகரத்துப் பழைய குடும்பம். எனக்கும் உள்ளே இரண்டு கிளாஸ் போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கூரையைக் காட்டி, போன புராவில் என் ஆட்டுக்கறியைக் காப்பாற்றியதே அதுதான் என்றேன். ஒரு ஜாடி ஒயின் கொடுத்ததையும் சொன்னேன்.

விளாஹோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கரண்ட் குடுத்து ஒயின் வாங்கியிருக்கார். அப்படின்னா விற்பனை நடந்திருக்கு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எலும்பு தொண்டையில் சிக்கிக்கொண்டதோ என்று நான்தான் முதுகில் தட்டினேன்.

சாப்பிட்ட கையோடு யெரோலிம் வீட்டுக்குப் போனார்கள். மூவரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நாட்டின் முதல் உள்ளூர்க் காற்று விற்பனையாளர் என்று வாழ்த்தினார்கள். பிறகு, பதிவு ஆகும்வரை அவனுடைய நன்மைக்காகவே, மூன்று இறக்கைகளையும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். இறக்கை இல்லாத மொட்டைக் கம்பம் சுற்றிவிடக் கூடாது என்று ஈய முத்திரை வைத்தார்கள். ஆறு பாட்டரியும் போயிற்று. விற்பனைக்கு வராத காற்றை அடைத்து வைப்பது பதுக்கல் என்றார்கள். கடைசியாக ஜெனரேட்டர். சுத்தமான காற்று விற்பவர் வீட்டைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் புகை விடும் இயந்திரம் இருக்கக் கூடாது என்று இரண்டாம் பாகத்தில் இருந்தது. என் கடை இருநூற்றெண்பது மீட்டர். அந்தப் புராவுக்குப் பிறகு நான் வாங்கியிருந்த ஜெனரேட்டரையும் கேட்டார்கள். அடுத்த மாதம் முப்பத்தொரு பேருக்கும் மதியச் சாப்பாடு என் கடையில்தான் என்று இயக்குநர் சொன்ன பிறகு நானே தூக்கி வண்டியில் வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார்கள். யெரோலிம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த புரா வந்தால் என்ன செய்வது என்று கேட்டான். அதற்கு விளாஹோ முற்றத்திலேயே நின்று ஒரு சிறு உரை ஆற்றினார்.

"இவ்வளவு காலமா காற்று எந்த ஒழுங்கும் இல்லாம வீசிட்டிருந்தது, யெரோலிம். அதை நாங்க குறை சொல்லலை, அப்ப ஆணையம் கிடையாது. ஒருத்தர் கம்பம் நடறார், சுத்துது, விளக்கு எரியுது. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுல எங்க இடம் எங்கேன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த புரா வர்றதுக்குள்ள நீங்க பதிவு பெற்ற விற்பனையாளர். அதுக்கு நான் பொறுப்பு."

ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த பெரீனா, இந்த ஆளுக்குப் பெட்டி இல்லாமலே எவ்வளவு மூச்சு என்றாள்.

பதிவுக்கு முதல் படி, இடத்தில் காற்று இருக்கிறது என்று நிரூபிப்பது. நீவெஸ் என்ற அளவையாளரை அனுப்பினார்கள். முப்பது வயதிருக்கும், மரியாதையான பெண், பேசும்போது தலையைச் சாய்த்துக்கொள்வாள். ஜூனில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை வந்தாள். கையில் சின்னக் கிண்ணங்கள் வைத்த ஒரு கருவி. அதைத் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிஷம் அசையாமல் நிற்பாள். கிண்ணமும் அசையாது. பூஜ்யம் என்று எழுதி, யெரோலிமிடம் கையெழுத்து வாங்கி, என் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். காற்றடிக்கிற நாளில் வந்து பாருங்களேன் அம்மா என்று அவன் கெஞ்சினான். காற்றடித்தால் பாலம் மூடியிருக்குமே என்றாள். பாலம் மூடும் முன்பே வந்து தங்கலாமே என்றான். ஊழியர்கள் ஆபத்தான காற்றில் அலுவல் பார்க்கக் கூடாது, ஆணையத்தின் முதல் விதியே அதுதான் என்றாள்.

அக்டோபர் கடைசியில் அந்தப் பருவத்தின் முதல் புரா வந்தது. சின்னப் புராதான். என் ஆறு நாற்காலியும் பெயர்ப்பலகையும் கடலுக்குள் போயின. ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. பாட்டரி தீர்ந்து, சிலிண்டரின் முள் கிட்டத்தட்ட அடிக்கு இறங்குகிறவரை யெரோலிம் அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் வந்ததும் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தான். மறுநாள் பாலம் திறந்தது, நீவெஸ் வந்தாள். கருவியைத் தூக்கினாள். இலை அசையவில்லை.

"நேத்து இங்க நின்னிருந்தா உங்களையே தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான் யெரோலிம்.

"நம்பறேன். அந்தக் காற்று இப்ப எங்கே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கடலின் தென்மேற்கு மூலையைக் காட்டி, இத்தாலிப் பக்கம் போயிருக்கும் என்றான். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். காற்று வெளிநாடு சென்றுவிட்டதாக விண்ணப்பதாரர் தெரிவிக்கிறார். கீழே யெரோலிமின் கையெழுத்து. அந்த மாதிரிக் கையெழுத்துகள்தான் மூன்று.

காற்றில்லாத இடத்தில் காற்று விற்பதாகச் சொன்ன குற்றத்துக்காக அவனை ஆணையத்தின் முன் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் யூகோ என்ற தென்கிழக்குக் காற்றும் உண்டு. ஈரமும் புழுக்கமுமாக வரும், தலையில் ஈயம் ஊற்றினாற்போல இருக்கும். அது வீசும்போது எங்கள் ஆட்கள் நிலம் விற்க மாட்டார்கள், பெண் கேட்கப் போக மாட்டார்கள். புத்தி சரியாக இருக்காது என்று எண்ணம். விளாஹோவின் ஊரில் பழைய காலத்தில் ஆட்சி சபையே யூகோ நாளில் எந்தத் தீர்மானமும் எடுக்காதாம். அவர் அதை அப்படியே ஆணையத்துக்குக் கொண்டுவந்து, சட்டம் போட்டு, கூட்ட அறையில் மாட்டியிருந்தார். யூகோ வீசினால் முடிவு எடுக்கக் கூடாது. புரா வீசினால் தீவிலிருந்து ஆள் வர முடியாது. எங்கள் குளிர்காலத்தில் இந்த இரண்டையும் விட்டால் மிச்சம் இருக்கிற நாளை விரலில் எண்ணிவிடலாம். காற்று வீசாத நாளில் கூடித்தான் காற்றைப் பற்றி முடிவு செய்வார்கள்.

நவம்பரில் இரண்டு கூட்டம் யூகோவில் போயிற்று. இரண்டு கூட்டம் பாலம் மூடியதில் போயிற்று. அந்த இரண்டு தடவையும் கரண்ட் நாலைந்து மணி நேரத்தில் திரும்பிவிட்டது, மாதா புண்ணியம். டிசம்பர் இரண்டாம் வாரம் ஐந்தாவது கூட்டம். இந்த முறை பெரீனாவும் நேரில் வர வேண்டும் என்று கடிதம். சிலிண்டரோடும் சக்கர நாற்காலியோடும் அவளை என் வேனில் ஏற்றினோம். நான்தான் ஓட்டினேன். வானம் சுத்தமாக இருந்தது.

கூட்டத்தில் முதலில் காற்றுப் பிரச்சினையை எடுத்தார்கள். மூன்று அளவும் பூஜ்யம் என்று நீவெஸ் படித்தாள். யெரோலிம் எழுந்து தொண்டையைச் செருமினான். விளாஹோ பெருந்தன்மையோடு கையமர்த்தினார்.

"காற்று இருக்கா இல்லையாங்கறது விற்கிறவரோட சொந்த விஷயம். நாம அதுல தலையிட வேண்டாம். சந்தைக்குக் காற்று தேவையில்லை, ரெண்டு கையெழுத்துதான் தேவை. ஒருத்தர் விக்கணும், ஒருத்தர் வாங்கணும். தானே எடுத்துத் தானே செலவழிச்சா அது வெறும் குடித்தனம்."

ஆகவே யெரோலிம் விற்பவர், பெரீனா வாங்குபவர். அவள் சுய விருப்பத்தோடுதான் வாங்குகிறாளா என்று பரிசோதிக்கத்தான் நேரில் அழைத்திருந்தார்கள். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். என் நுரையீரல் என்றாள். வேறு விற்பனையாளர்களை ஒப்பிட்டுப் பார்த்தாரா என்று இன்னொருவர் கேட்டார். "முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தி பார்த்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன்." அதையும் எழுதிக்கொண்டார்கள். விலை நியாயமானதா என்று விளாஹோ கேட்டார்.

பெரீனா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். மூச்சு சேர்த்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

"புரா வந்தா இந்த மனுஷன் சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். கண்ணைச் சிமிட்ட மாட்டான். நான் தூங்கிட்டேன்னு நெனச்சு என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அதுக்கு என்ன விலைன்னு நீங்களே போட்டுக்குங்க."

விலைக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதச் சொன்னார் விளாஹோ. அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் போட்டான். உறுப்பினர்கள் கையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. தூக்கியிருந்தால் அன்றைக்கே இறக்கையை வேனில் போட்டுக்கொண்டு வந்திருப்போம். அப்போது விளாஹோ நெற்றிப்பொட்டில் இரண்டு விரலை வைத்தார். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடல் சாம்பல் நிறமாகியிருந்தது. துறைமுகத்துக் கொடி லேசாகத் தெற்கிலிருந்து அசைந்தது. யூகோ.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பெரீனா கேட்டாள். விளாஹோ அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அவள் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். "அம்மா, இந்தக் காற்றுல நாங்க எடுக்கிற முடிவு தப்பாப் போனா பாதிக்கப்படறது நீங்கதானே. உங்க உயிர் விஷயத்துல நான் விளையாட மாட்டேன்" என்றார்.

யூகோ ஓய்ந்தால் பின்னாலேயே புரா வரும், அது எங்கள் ஊர்க் கழுதைக்கும் தெரியும். நகரத்தில் பெரீனாவின் சித்தி மகள் இருந்தாள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. கட்டில் தயாராக இருக்கிறது, பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆணையத்து வாசலுக்கே வந்து கூப்பிட்டாள். நீவெஸ் எங்களோடு படியிறங்கி வந்தவள், தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். வாங்குபவர் தொண்ணூறு நாள் தொடர்ச்சியாகக் காற்று விற்கும் இடத்திலேயே குடியிருக்க வேண்டும். ஒரு இரவு வெளியே தங்கினாலும் அது உள்ளூர்ப் பயன்பாடு ஆகாது. கையெழுத்து செல்லாது, கோப்பு முதலிலிருந்து தொடங்கும்.

யெரோலிம் என் முகத்தைப் பார்த்தான். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஒரு கூட்டம்தான் என்றேன். பதிவு கிடைத்ததும் விழா என் கடையில் நடக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பெரீனா கண்ணை மூடியிருந்தாள். களைத்துப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

மூன்றாம் நாள் விடியும் முன்பே புரா இறங்கியது. நான் அறுபது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. கரண்ட் ஆறு மணிக்குப் போயிற்று. முதல் மணி நேரத்திலேயே என் வேனைப் புரட்டிப் போட்டது. நிற்க முடியாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்துதான் அவன் வீட்டுக்குப் போனேன். எட்டு மணிக்குப் பாட்டரி முடிந்தது. சிலிண்டரை மாட்டினான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம், பாலம் மூடியிருந்தது. ஹெலிகாப்டர் இந்தக் காற்றில் எழும்பாது. ஆணையத்துக்கும் போன் செய்தோம். கடும் காற்றின் காரணமாக அலுவலகத்துக்கு இன்று விடுமுறை என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

யெரோலிம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு சீஸ் அறைக்குப் போனான். பெரீனா சீஸ் வட்டுகளை அடுக்கி வைக்கிற மரப்பலகைகள் அங்கே வரிசையாக இருக்கும். வட்டுகளைத் தரையில் தள்ளிவிட்டுப் பலகையை அறுத்தான், சீவினான், துளை போட்டான். நான் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கம்பத்தில் இருந்த ஈய முத்திரையை இடுக்கியால் வெட்டினான். வெட்டியதைத் தூர எறியாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடுக்கணுமே என்றான். எனக்கு அவனை ஏணியோடு தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

சிலிண்டர் இரண்டு மணிக்குத் தீர்ந்தது. சில நிமிஷம் கழித்துத்தான் பலகை இறக்கைகள் சுற்றத் தொடங்கின. என் வேனிலிருந்து பிடுங்கிய பாட்டரி வழியாகக் கரண்ட் போயிற்று. பெட்டி உறுமியது. பெரீனாவின் உதட்டுக்கு நிறம் வந்தது. அவள் கண்ணைத் திறந்து, தரையில் உருண்டு கிடந்த சீஸ்களைக் கதவு வழியே பார்த்தாள்.

"ரெண்டு மாசம் ஆகாத சீஸையா தள்ளிவிட்டே. பாவி."

"உனக்குத்தான் பெரீனா."

"எனக்குத் தெரியாதா" என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐம்பது நிமிஷம். அதற்கு மேல் பலகை தாங்கவில்லை. ஒன்று முறிந்து கடலுக்குப் பறந்தது, மற்ற இரண்டும் கூரையைக் கிழித்துக்கொண்டு போயின. பாட்டரி இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தது. அவன் மிச்சம் இருந்த பலகைகளை அறுத்து இன்னொரு முறை மாட்டினான். அது கால் மணி நேரம். மூன்றாவது முறைக்குக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் போதும் என்றேன். நாலரை மணிக்குப் பெரீனா செத்துப்போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. வெளியே காற்று அடித்துக்கொண்டே இருந்தது, யாருக்கும் விற்காமல்.

இரண்டு நாள் கழித்துத்தான் பாலம் திறந்தது. அதுவரை அவளைச் சீஸ் அறையில் வைத்திருந்தோம், வீட்டில் குளிர்ந்த இடம் அதுதான். அடக்கம் செய்த அன்று காற்றே இல்லை. அதே காரணத்தால் அதே நேரத்தில் ஆணையமும் கூடியிருந்தது. பாதிரியார் குழிக்குள் மண் போடச் சொன்னபோது யெரோலிமின் போன் அடித்தது. நீவெஸ். ஒருமனதாக நிறைவேறிவிட்டது, வாழ்த்துகள் என்றாள். அவன் நன்றி என்று சொல்லி வைத்துவிட்டு மண்ணை அள்ளினான்.

அடுத்த வியாழக்கிழமை முதல் விற்பனை விழா. காற்றில்லாத நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் பேருந்து வர முடியாது. எட்டு ஆடு சொல்லியிருந்தார்கள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முப்பத்தொரு பேரும் வந்தார்கள். இறக்கைகளுக்கு வெள்ளை வர்ணம் அடித்து, ஆணையத்தின் சின்னம் ஒட்டி, சோதனையில் தேறியது என்று சான்றிதழோடு கொண்டுவந்தார்கள். யெரோலிம் மாட்டினான். பாட்டரிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மீட்டர். இறக்கை சுற்றும்போது மட்டும் பெட்டிக்குக் கரண்ட் போகும். பழைய காற்று கலந்துவிடக் கூடாதென்று பெட்டிக்குள் இருந்த பாட்டரியையும் கழற்றிவிட்டார்கள். வெட்டிய ஈய முத்திரையை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீவெஸிடம் கொடுத்தான். அவள் அதற்கு ரசீது எழுதினாள்.

விளாஹோ கறுப்பு டை கட்டியிருந்தார். "வாங்குபவர் சந்தையில இருந்து விலகினது எங்களுக்குத் தனிப்பட்ட முறையில பெரிய இழப்பு" என்று தொடங்கினார். "ஆனா ஒரு ஆறுதல். அவங்க விலகினது கையெழுத்துக்கு அப்புறம். அதனால விற்பனை செல்லும். வேற ஆளைச் சேர்த்தா கோப்பு திரும்ப முதல்ல இருந்து போகும், அந்தச் சிரமத்தை யெரோலிமுக்குக் குடுக்க எனக்கு மனசு வரலை." வாங்குபவர் இல்லாவிட்டால் என்ன, வாங்குபவரின் பெட்டி இருக்கிறதே. அதை அறையிலிருந்து முற்றத்துக்குத் தூக்கி வந்து ஒரு நாற்காலியில் வைத்தார்கள். குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ அதைச் சுருட்டி அழகாக நாற்காலிக் கையில் போட்டார்கள்.

இறக்கை சுற்றவில்லை. நீவெஸ் கருவியைத் தூக்கிப் பார்த்தாள், பூஜ்யம். படம் எடுக்கிறவர் காத்துக்கொண்டிருந்தார். விளாஹோ யெரோலிமின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய்ப் பேசினார். கொஞ்ச நேரத்தில் யெரோலிம் ஏணியில் ஏறி, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இறக்கையைத் தள்ளினான். சுற்றியது. மீட்டர் ஓடியது. நாற்காலியில் பெட்டி உறுமத் தொடங்கியது, குழாயிலிருந்து சீறலாகக் காற்று வந்தது. முப்பத்தொரு பேரும் கைதட்டினார்கள். உள்ளூரில் எடுத்து உள்ளூரிலேயே பயன்படுத்திய முதல் காற்று என்று விளாஹோ கடிகாரத்தைப் பார்த்து அறிவித்தார். ஒரு நிமிஷம் போதும் என்றார். எல்லாரும் என் கடைக்குச் சாப்பிடப் போனார்கள்.

நான் கறித்தட்டோடு இரண்டு முறை போய் வந்தேன். மூன்றாவது முறை கடைக்கு வெளியே வந்தபோதும் தூரத்தில் இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது; முற்றத்துக்குப் போனேன், பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேலே நின்று தள்ளிக்கொண்டிருந்தான். வியர்வை கொட்டியது.

"யெரே, போதும்டா. இறங்கு."

"நிறுத்தினா பெட்டி நின்னுடும், பேப்போ."

நீவெஸ் வாயைத் துடைத்துக்கொண்டே கடையிலிருந்து வந்து சேர்ந்தாள். மீட்டரைப் பார்த்தாள். அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது, இதற்கு மேல் ஓடுவது பதிவில்லாத விற்பனை என்று தலையைச் சாய்த்துச் சொன்னாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கடையில் இன்னும் நாலு ஆடு பரிமாற வேண்டியிருந்தது.

நான் ஏணியில் ஏறினேன். அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என் கையோடு சேர்த்துத் தள்ளிப் பார்த்தான். அவனுக்குப் பலம் போதவில்லை. கீழே பெட்டி நின்றது.